இருவர் இருக்கும் வீட்டுக்கு ஒரு சீட்டாட்டம்: கிரிபேஜ் கற்கத் தகுமா?

பினாங்குத் தமிழர்களுக்குச் சீட்டுக்கட்டு புதிதல்ல. தீபாவளிக்கு உறவுகள் கூடினால் ரம்மிக்கு ஒரு பாய் விரியும். யாழ்ப்பாண வழிவந்த குடும்பங்களில் பெரியவர்கள் முந்நூற்றிநாலு ஆடுவார்கள். அடுத்த வீட்டு நோன்யா பாட்டிகளிடம் செக்கி என்ற பழைய ஆட்டம் இருந்தது. இப்படி ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லாத ஊரில் கிரிபேஜ் என்ற இன்னொன்றை மெனக்கெட்டுக் கற்க வேண்டுமா?

கிரிபேஜ் ஏறக்குறைய நானூறு ஆண்டுப் பழமையுள்ள ஆங்கிலேய ஆட்டம். அதை நேசிப்பவர்கள் உலகிலேயே சிறந்த இருவர் ஆட்டம் என்பார்கள். பழக்கமில்லாதவர்கள் விதிகளைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிடுவார்கள். இரு தரப்பின் பேச்சையும் ஒதுக்கிவிட்டு நான்கு அளவுகோல்களை வைத்து இதை எடைபோட விரும்புகிறேன். திறமைக்கு இதில் எவ்வளவு இடம்? கற்கப் படும் பாட்டுக்கு ஈடாக என்ன மிஞ்சும்? எத்தனை பேர் வேண்டும்? பணம் வைக்காமல் ஆடினால் சுவை நிற்குமா? நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஆட்டங்கள் தராத ஒன்றையாவது இது தந்தால்தான் கற்கச் சொல்ல நியாயம் உண்டு.

ஆட்டம் எப்படி நடக்கிறது

முதலில் அமைப்பு. வழக்கமான 52 சீட்டுக்கட்டு போதும். ஆஸுக்கு 1, படச்சீட்டுகளுக்குத் தலா 10, மற்றவற்றுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. இருவருக்கும் ஆறாறு சீட்டு. ஒவ்வொருவரும் நான்கை வைத்துக்கொண்டு இரண்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். கழித்த அந்த நான்கு சீட்டும் சேர்ந்து ‘கிரிப்’ என்ற தனிக் கை ஆகிறது. அது சீட்டுப் போட்டவருக்குச் சொந்தம். அடுத்த முறை மற்றவர் போடுவார், கிரிப் அவருக்குப் போகும். கழித்தபின் எதிரில் இருப்பவர் கட்டை வெட்ட, மேலே ஒரு சீட்டுத் திறக்கப்படும். அது மூன்று கைகளுக்கும் பொது. திறந்தது ஜாக்கியானால் சீட்டுப் போட்டவருக்கு உடனே 2 புள்ளி.

அதன்பின் ஆட்டம் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் இருவரும் மாறி மாறி ஒரு சீட்டை இறக்கி, கூட்டுத்தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொகை 31-ஐத் தாண்டக்கூடாது. 15-ஐத் தொட்டவருக்கு 2, 31-ஐத் தொட்டவருக்கு 2. முன்னால் விழுந்த சீட்டுக்கு ஜோடி போட்டால் 2, வரிசை அமைத்தால் சீட்டுக்கு ஒன்று வீதம். 31-க்குள் இறக்கச் சீட்டு இல்லாதவர் வழிவிட வேண்டும். 31-ஐத் தொடாமல் கடைசிச் சீட்டை இறக்கியவருக்கு 1.

இரண்டாம் கட்டத்தில் கையில் உள்ள நான்கையும் பொதுச் சீட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். 15 ஆகக் கூடும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் 2, ஜோடிக்கு 2, வரிசைக்கு அதன் நீளம். நான்கும் ஒரே இனமானால் 4, பொதுச் சீட்டும் அதே இனமானால் 5. பொதுச் சீட்டின் இனத்தில் கையில் ஜாக்கி இருந்தால் 1. முதலில் எதிரில் இருப்பவர் எண்ணுவார், பிறகு சீட்டுப் போட்டவர் தம் கையை எண்ணிக் கடைசியில் கிரிப்பை எண்ணுவார். 121-ஐ முதலில் எட்டியவர் வென்றவர்.

விதிகள் இவ்வளவுதான். எழுத்தில் நீண்டு தெரிந்தாலும் ஆடும்போது இவை ஒன்றையொன்று நினைவூட்டிக்கொண்டே போகும்.

திறமையா, அதிர்ஷ்டமா?

ஆறில் இரண்டைக் கழிக்க 15 வழிகள் உண்டு. ஒவ்வொரு பகிர்விலும் அந்தப் பதினைந்தில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பழகிய கைகளில் சீட்டுப் போடுபவருக்குச் சராசரியாக 16, எதிரில் இருப்பவருக்கு 10 என்று புள்ளி சேரும். எனவே 121-ஐ எட்ட ஒன்பது பத்துப் பகிர்வு ஆகும். ஓர் ஆட்டத்துக்குள் ஒன்பது பத்து முறை இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த முடிவின் தன்மையை ஒரு கையில் பார்க்கலாம். உங்களுக்கு வந்தவை 3, 3, 6, 7, 8, ராஜா. 6-7-8 வரிசைக்கு 3, 7-உம் 8-உம் பதினைந்தாவதற்கு 2, ஆக 5 புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. இம்மூன்றையும் வைத்துக்கொள்வது உறுதி. நான்காவதாக எதை வைப்பது? நீங்கள் சீட்டுப் போட்டவர் என்றால் ராஜாவை வைத்து இரண்டு மூன்றுகளையும் கிரிப்பில் போடலாம். கிரிப் உங்களுடையது, ஜோடிக்கான 2 உங்களிடமே திரும்பி வரும். கையும் கிரிப்புமாக 7 உறுதி. எதிரில் இருப்பவராக அமர்ந்திருந்தால் அதே ஜோடியைக் கழிப்பது எதிராளிக்கு 2 புள்ளியை எடுத்துக் கொடுப்பதாகும். அப்போது ஒரு மூன்றை வைத்துக்கொண்டு மற்றொரு மூன்றையும் ராஜாவையும் கழிக்க வேண்டும். அவை இரண்டும் சேர்ந்து தம்மளவில் ஒரு புள்ளியும் தராது. அதே ஆறு சீட்டுகள், நாற்காலி மாறினால் விடை மாறுகிறது. கிரிபேஜின் மூளை இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது.

சீட்டு இறக்குவதிலும் இப்படியே. முதல் சீட்டாக நான்கை இறக்குவது பாதுகாப்பு. எதிராளி பத்தே போட்டாலும் தொகை 14-தான் ஆகும், ஒரே சீட்டில் அவரால் 15-ஐத் தொட முடியாது. ஐந்தை முதலில் இறக்குவது ஆபத்து. கட்டில் உள்ள 52 சீட்டில் 16 சீட்டுக்கு மதிப்பு பத்து, அவற்றில் ஏதாவது ஒன்று எதிராளியிடம் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆட்டம் முடியும் தறுவாயில் வேறொரு கணக்கு வந்து சேரும். எதிரில் இருப்பவரே முதலில் எண்ணுவதால், இருவரும் 121-ஐ நெருங்கி நிற்கையில் பெரிய கையை வைத்துக்கொண்டு எண்ண முறை வராமலே தோற்க நேரும். ஆகவே தேர்ந்தவர் புள்ளிக் கணக்கு வைக்கும் பலகையைப் பார்த்து ஆடுவார். முன்னிலையில் இருந்தால் எதிராளியைத் தடுப்பார், பின்தங்கினால் துணிவார்.

இவ்வளவு இருந்தும் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது என்பதை மறைக்கக்கூடாது. நேற்றுக் கற்றவர் இன்று முப்பது ஆண்டு ஆடியவரை ஓர் ஆட்டத்தில் வென்றுவிட முடியும். சதுரங்கத்தில் இது நடக்காது. ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் கதைகளும் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கதைகளே. இந்த ஆட்டத்தில் ஒரு கைக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 29. கையில் மூன்று ஐந்துகளும் ஒரு ஜாக்கியும் இருந்து, அந்த ஜாக்கியின் இனத்திலேயே நான்காவது ஐந்து வெட்டில் வர வேண்டும். இதற்கான வாய்ப்பு 2,16,580-இல் ஒன்று. 1943-இல், போர்க்காலத்தில், வாஹூ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் தளபதி டட்லி மார்ட்டன் போட்ட சீட்டில் துணை அதிகாரி ரிச்சர்ட் ஓகேனுக்கு இந்த 29 விழுந்தது. அமெரிக்கக் கடற்படை ஓகேனின் பெயரில் ஒரு கிரிபேஜ் பலகையைக் கப்பலுக்குக் கப்பல் மரபாகக் கைமாற்றி வருகிறது. கதை அழகானது, ஆனால் ஆட்டத்தின் மதிப்புக்கு அது சான்றாகாது. 29-ஐ வாங்கியவர் செய்தது எதுவும் இல்லை, வந்ததை எடுத்துக்கொண்டார். ஆறு புள்ளிக் கையை எட்டுப் புள்ளியாக்கும் கழித்தலும், எதிராளிக்குப் போகவிருந்த இரண்டைத் தடுக்கும் இறக்கலும்தான் ஆடுபவரின் தகுதியைக் காட்டும். அந்தத் தகுதி ஓர் ஆட்டத்தில் தெரியாது, பல ஆட்டங்களின் தொடரில் தெரியும். எனவே முதல் அளவுகோலில் கிரிபேஜுக்கு நடுத்தரத்துக்குச் சற்று மேலான இடம் கொடுக்கலாம். பாட்டியும் பேரனும் ஒரே பலகையில் உட்கார்ந்து இருவருமே வெல்லக்கூடிய ஆட்டம் வேண்டுமானால், அதிர்ஷ்டத்தின் இந்தப் பங்கு ஒரு வசதியும் ஆகும்.

கற்றபின் மிஞ்சுவது என்ன?

4, 5, 5, 6 கையில் இருக்க, வெட்டில் இன்னொரு 6 வருகிறது. எத்தனை புள்ளி? புதியவர் ஒரு வரிசையையும் இரண்டு ஜோடியையும் பார்த்து 7 என்பார். ஐந்தும் இரண்டு, ஆறும் இரண்டு என்பதால் 4-5-6 என்ற வரிசை நான்கு விதமாக அமையும். அதற்கு 12. அந்த நான்கு வரிசைகளும் கூட்டினால் பதினைந்து, அதற்கு 8. ஜோடிகளுக்கு 4. மொத்தம் 24. இதை ஒருமுறை தாமே எண்ணிக் கண்டுபிடித்த பிள்ளைக்குச் சேர்மானக் கணக்கின் அடிப்படை பிடிபட்டுவிடும். ஐந்து சீட்டுகளில் எந்தக் கைக்கும் 19, 25, 26, 27 ஆகிய புள்ளிகள் வரவே வராது. ஏன் என்று யோசிக்கச் சொன்னால் இடைநிலைப்பள்ளி மாணவருக்கு ஒரு மாலை முழுவதற்கும் வேலை இருக்கிறது.

முதியோரின் நினைவாற்றலுக்கு இது மருந்து என்று சிலர் சொல்வதை நான் திரும்பச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வாக்குறுதியின்மேல் எந்த ஆட்டத்தையும் விற்கக்கூடாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஆட்டம் ஆடுபவரைப் பேச வைக்கிறது. ரம்மியில் யாரும் வாய் திறக்காமல் அரைமணி நேரம் கழியலாம். கிரிபேஜில் ஒவ்வொரு சீட்டுக்கும் தொகை சொல்லியாக வேண்டும், ஒவ்வொரு கையையும் எண்ணிக் காட்டியாக வேண்டும். “பதினஞ்சுக்கு ரெண்டு, பதினஞ்சுக்கு நாலு, ஜோடிக்கு ரெண்டு, மொத்தம் ஆறு” என்று பாட்டி எண்ண, “பாட்டி, வரிசையை விட்டுட்டீங்க” என்று பேரன் எடுத்துக்கொடுப்பான். எண்கள் தமிழில் வாயில் புழங்கும் வாய்ப்புக் குறைந்துவரும் வீடுகளில் இதன் மதிப்பு அதிகம்.

இங்கே பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆட்டத்தின் நேர்மை அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் 60 துளை கொண்ட இரண்டு சுற்று, முடிவில் ஒரு துளை, ஆக 121. ஒவ்வொருவருக்கும் குச்சி இரண்டு. புள்ளி எடுத்தால் பின்னால் நிற்கும் குச்சியைத் தூக்கி, முன்னால் நிற்பதிலிருந்து எண்ணி அதற்கு அப்பால் குத்த வேண்டும். முன்னால் இருந்த குச்சி இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு குச்சிக்கும் இடையே எத்தனை துளை என்று எதிராளி எப்போது வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். பழைய கணக்கும் புதிய கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, தவறு ஒளிய இடமில்லை.

இந்த வெளிப்படைத்தன்மை தேவைப்பட்டதற்குக் காரணம் ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் சர் ஜான் சக்லிங், நாடி என்ற பழைய ஆட்டத்திலிருந்து கிரிபேஜை உருவாக்கினார் என்று அவர் காலத்தையொட்டி வாழ்ந்த ஜான் ஆப்ரே எழுதிவைத்தார். அதே ஆப்ரே, சக்லிங் ரகசியக் குறியிட்ட சீட்டுகளைச் சூதாட்ட இடங்களுக்கு அனுப்பிப் பெரும் பணம் சேர்த்தார் என்றும் குறித்திருக்கிறார். ஆட்டத்தின் தந்தை நேர்மையானவர் என்று வாதிட வழியில்லை. ஆனால் பல தலைமுறைகள் ஆடி ஆடி, எல்லாக் கணக்கும் மேசைமேல் திறந்து கிடக்கும் ஆட்டமாக அதை மாற்றிவிட்டன. 1840-41-இல் வெளியான ‘தி ஓல்டு க்யூரியாசிட்டி ஷாப்’ நாவலில் டிக்கன்ஸ், அடித்தளச் சமையலறையில் அடைந்து கிடக்கும் ஒரு வேலைக்காரச் சிறுமிக்கு டிக் ஸ்விவெல்லர் கற்றுக்கொடுக்கும் ஆட்டமாக இதைத்தான் வைத்தார். பள்ளிக்கூடம் பாராதவரும் கற்கக்கூடியது, இரண்டு பேர் போதும் என்ற இரண்டு குணங்களையும் அவர் சரியாகப் பிடித்திருந்தார்.

நம்மிடம் உள்ளவற்றோடு ஒப்பிட்டால்

ரம்மியை எடுத்துக்கொள்வோம். அதன் பலம் எளிமை. பத்து நிமிடத்தில் கற்கலாம், இரண்டு பேரிலிருந்து ஆறு பேர்வரை சேரலாம். அதில் திறமையும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும் எதை வைத்து எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்று ஏற்று, ரம்மி பெருமளவு திறமை சார்ந்த ஆட்டம் என்றது. ரம்மியின் பலவீனம் வேறு இடத்தில். பணம் வைக்காத ரம்மி இரண்டாவது மணி நேரத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது. புள்ளி என்பது அதில் தோற்றவர் சுமக்கும் தண்டனை. அந்தத் தண்டனைக்கு ஒரு விலை இல்லாவிட்டால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

முந்நூற்றிநாலு வேறு தரம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்ந்து 304. கேள்வி கேட்டு ஏற்றுவதும், துருப்பைக் கவிழ்த்து வைப்பதும், எதிரே இருக்கும் கூட்டாளியின் மனத்தை அவர் இறக்கும் சீட்டிலிருந்தே படிப்பதும் அந்த ஆட்டத்தின் ஆழம். நினைவுக்கும் கூட்டுறவுக்கும் அது வைக்கும் சோதனையைக் கிரிபேஜ் வைக்கவில்லை. ஆட்டம் என்ற அளவில் முந்நூற்றிநாலே மேல் என்பது என் துணிபு. ஆனால் அதன் முழுச் சுவைக்கு நான்கு பேர் வேண்டும், நான்கு பேருக்கும் விதி தெரிந்திருக்க வேண்டும்.

செக்கியின் நிலை நமக்கு ஓர் எச்சரிக்கை. முப்பது வகை, வகைக்கு இரண்டாக 60 குறுகலான சீட்டுகள், சீனக் காசுச் சின்னங்கள் என்று பினாங்கு, மலாக்கா பாபா நோன்யா குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டது. இன்று ஆடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். விதிகள் பெரியவர்களின் கையில் மட்டும் இருந்து, உட்கார ஆள் சேராத ஆட்டம் தளர்ந்துபோகிறது. முந்நூற்றிநாலுக்கும் அந்த ஆபத்து உண்டு.

மூன்றாவது அளவுகோல் இங்கேதான் வந்து நிற்கிறது. பினாங்கு மூப்படைந்துவரும் மாநிலம். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போய்விட, ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் மட்டும் மிஞ்சும் வீடுகள் கூடிக்கொண்டிருக்கின்றன. விடுமுறைக்கு ஒரு பேரனோ பேத்தியோ வந்து தங்கினால் அப்போதும் ஆட்டத்துக்கு இருவர்தான் சிக்குவர். இந்த வீட்டுக்கு முந்நூற்றிநாலு எட்டாது, இருவர் ரம்மி சீக்கிரம் அலுக்கும், சதுரங்கத்தில் பலம் குறைந்தவர் தோற்றுக்கொண்டே இருப்பார். கிரிபேஜ் இருவருக்கென்றே அமைந்தது. ஒரு பகிர்வில் கிரிப் உனக்கு, அடுத்ததில் எனக்கு என்று அனுகூலம் மாறி மாறி வருவதால் அந்த இருவருக்கும் இடையே அது சமநிலையைக் காக்கிறது. ஆளுக்கு ஐந்து சீட்டு வைத்து மூவர் ஆடவும், ஜோடி சேர்ந்து நால்வர் ஆடவும் வழியுண்டு. ஆயினும் அதன் முழு அழகு இருவரில்தான். நம் ஆட்டங்களில் காலியாக இருந்த இடம் இதுவே.

பணமும் சட்டமும்

சீட்டு என்றாலே சூது என்று முகம் சுளிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. இணைய ரம்மியில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டை உலுக்கின. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்துத் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. திறமை என்ற வாதம் ஒரு குடும்பத்தையும் காப்பாற்றவில்லை.

மலேசியாவில் அந்த வாதத்துக்கு முதலிலிருந்தே இடமில்லை. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டம், அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டத்தோடு அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தையும் பணத்துக்காகவோ பணமதிப்புள்ள பொருளுக்காகவோ ஆடினால் சூதாட்டம் என்றே வரையறுக்கிறது. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், மதுக்கூடங்களில் டாமினோவுக்கும் கிரிபேஜுக்கும் தனி விலக்குத் தந்தது. அந்த விலக்கைக் காட்டி இங்கே யாரும் ஒரு வெள்ளிகூட வைத்து ஆட முடியாது, ஆடவும் கூடாது.

அப்படியானால் பணமின்றி ஆட்டம் நிற்குமா என்ற நான்காவது கேள்விக்குக் கிரிபேஜ் தெளிவான விடை சொல்கிறது. பலகையே அதன் பந்தயம். ஒவ்வொரு பகிர்விலும் குச்சி நகர்கிறது, யார் முன்னால் யார் பின்னால் என்பது கண்முன் தெரிகிறது, 121 நெருங்க நெருங்க ஒவ்வொரு புள்ளிக்கும் எடை கூடுகிறது. வெளியிலிருந்து பணம் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பரபரப்பு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நான்கு அளவுகோல்களில் ரம்மியைக் கிரிபேஜ் தெளிவாக மிஞ்சுவது இதில்.

குறைகள்

இனி எதிர்வாதங்கள். இது வெள்ளைக்காரன் ஆட்டம், நமக்கு எதற்கு என்ற வாதத்தில் வலு இல்லை. ரம்மியும் வெளியிலிருந்து வந்ததே, முந்நூற்றிநாலு ஆடும் சீட்டுக்கட்டும் ஐரோப்பியர் கொண்டுவந்ததே. தமிழர் கைப்பட்டு அவை தமிழர் ஆட்டங்களாயின.

மதநம்பிக்கை காரணமாகச் சீட்டையே தொடாத வீடுகள் உண்டு, குறிப்பாகத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில். அந்த முடிவு மதிக்கத்தக்கது, அவர்களிடம் வாதாட இந்தக் கட்டுரைக்கு உரிமையில்லை.

வலுவான எதிர்வாதம் கற்கும் சிரமம் பற்றியது. முதல் மாலையில் பாதிப் பேர் எழுந்துபோய்விடும் ஆட்டம் இது. கையில் நான்கும் ஒரே இனமானால் புள்ளி உண்டு, கிரிப்பிலோ ஐந்தும் ஒரே இனமானால்தான் உண்டு. வெட்டில் ஜாக்கி வந்தால் இரண்டு, கையில் இருந்தால் இனம் பார்த்து ஒன்று. இத்தகைய ஒட்டுவிதிகள் ஆட்டத்துக்குச் சேர்க்கும் சுவை குறைவு, புதியவருக்குத் தரும் தலைவலி அதிகம். எதிராளி எண்ண மறந்த புள்ளிகளைப் பறித்துக்கொள்ளலாம் என்ற ஒரு விருப்ப விதியும் இருக்கிறது. தேர்ந்தவர்களிடையே அது கூர்மை தரும். கற்பவரிடம் அதைக் கொண்டுவந்தால் அவர் அடுத்த நாள் வரமாட்டார்.

இந்தச் சிரமத்தில் பெரும்பகுதி கற்பிக்கும் முறையின் குற்றம். எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சீட்டைப் போடுவதே வழக்கமாக இருக்கிறது. முதல் நாள் ஐந்து சீட்டைத் திறந்து வைத்துப் பதினைந்தும் ஜோடியும் வரிசையும் எண்ணப் பழகினால் போதும். அடுத்த நாள் ஆளுக்கு நான்கு சீட்டு வைத்து 31 வரை இறக்கிப் பார்க்கலாம். இரண்டும் கைவந்தபின் கிரிப்பைச் சேர்க்கலாம். ஒட்டுவிதிகள் கடைசியில் வரட்டும். பலகை இல்லையென்றால் தாளில் 121 கட்டம் வரைந்து நாலு தீக்குச்சிகளை நகர்த்தினாலும் ஆட்டம் குறைவதில்லை.

பள்ளிகளுக்கு இதைக் கொண்டுபோகலாமா? பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் இது நல்ல கணக்குப் பயிற்சி என்று ஆசைப்படத் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். சூதின் நிழல் விழுந்த சீட்டுக்கட்டைப் பெற்றோரின் சம்மதமின்றி வகுப்பறைக்குள் வைப்பது சரியல்ல. ஒன்றிலிருந்து பத்துவரை எண் மட்டும் எழுதிய அட்டைகளை வைத்து, பதினைந்து கூட்டும் பகுதியை மட்டும் விளையாட்டாகத் தரலாம். முழு ஆட்டம் வீட்டோடு இருக்கட்டும்.

தீர்ப்பு

திறமையில் கிரிபேஜ் சதுரங்கத்துக்குக் கீழே, ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து யாரையும் அளக்க முடியாது. ஆழத்தில் முந்நூற்றிநாலு இதை மிஞ்சும். எளிமையில் ரம்மி மிஞ்சும். நான்கு பேர் கூடும் நாளில் கிரிபேஜை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. முந்நூற்றிநாலு தெரிந்தவர்கள் அதையே ஆடுங்கள், தெரியாத இளையவர்களை அருகில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள்.

இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கோ, பணமின்றி நிற்கக்கூடிய, வாய்விட்டுத் தமிழில் எண்ண வைக்கிற, வயதால் யாரையும் தோற்கடிக்காத சீட்டாட்டம் கிரிபேஜைவிடச் சிறந்ததாக எனக்குத் தெரியவில்லை. முதல் சில மாலைகளின் சிரமத்துக்கு அது தகும். கற்றுக்கொள்ளுங்கள் என்றே தீர்ப்புச் சொல்கிறேன், மூன்று நிபந்தனைகளோடு. பணம் வைக்காதீர்கள். கற்பவர் விட்ட புள்ளியைப் பறிக்காமல் எடுத்துக் காட்டுங்கள். ஓர் ஆட்டத்தோடு எழுந்துவிடாமல், யார் தேர்ந்தவர் என்று தெரிய ஒரு தொடராக ஆடுங்கள்.